கடவுளுக்கு ஓட்டு, காணிக்கைக்கு ரசீது

அமெரிக்கத் தேர்தலில் மதமும் பணமும் கைகோத்துவிடாமல் இவ்வளவு காலம் தடுத்து வந்தது அரசியல் சட்டம் அல்ல; வருமான வரிச் சட்டத்தின் ஒரு வாக்கியம். அதுவும் இப்போது தளர ஆரம்பித்திருக்கிறது.

2024 மார்ச் 26. கிறிஸ்தவர்களின் புனித வாரத்தில் வரும் செவ்வாய்க்கிழமை. மீண்டும் அதிபராகத் துடித்துக்கொண்டிருந்த டொனால்டு டிரம்ப் ஒரு வீடியோவில் தோன்றினார். கையில் பைபிள். ஒவ்வொரு அமெரிக்கர் வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்றார். தனக்கு மிகவும் பிடித்த புத்தகம் அதுதான் என்றார். உடனே ஒன்று வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். விலை 59 டாலர் 99 சென்ட். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு ஆகியவற்றோடு அமெரிக்க அரசியல் சட்டத்தையும் சுதந்திரப் பிரகடனத்தையும் சேர்த்துத் தைத்த பதிப்பு அது. டிரம்ப் மேடையேறும்போது ஒலிக்கும் பாட்டைப் பாடிய லீ கிரீன்வுட்டும் இந்த விற்பனையில் கூட்டு.

அதற்கு முந்தைய நாள்தான் நியூயார்க் மோசடி வழக்கில் டிரம்ப் கட்ட வேண்டிய பிணைத் தொகையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 17.5 கோடி டாலராகக் குறைத்திருந்தது. பைபிள் விற்பனைக்கும் தேர்தல் பிரசாரத்துக்கும் சம்பந்தமில்லை, அவர் பெயரை உரிமம் பெற்றே பயன்படுத்துகிறோம் என்று விற்பனையாளர்கள் அறிவித்தார்கள். ஆகஸ்டில் வெளியான அவரது சொத்துக் கணக்கில் இந்த வகை ராயல்டியாக 3 லட்சம் டாலர் வந்திருந்தது. பைபிள்கள் சீனாவின் ஹாங்சோ நகரிலிருந்து கப்பலேறி வந்தவை, ஒரு பிரதியின் சரக்கு மதிப்பு 3 டாலருக்கும் குறைவு என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அக்டோபரில் கண்டுபிடித்தது. சீனச் சரக்குகள் மீது வரி போடுவேன் என்று வேட்பாளர் ஊர் ஊராக முழங்கிக்கொண்டிருந்த நேரம்! நவம்பரில் அவர் வென்றார். எவாஞ்சலிக்கல்கள் எனப்படும் சுவிசேஷ சபைக் கிறிஸ்தவர்களில் வெள்ளையர்கள் ஐந்துக்கு நான்கு பேர் அவருக்கே ஓட்டுப் போட்டதாக வாக்குச்சாவடிக் கணிப்புகள் காட்டின.

இதையெல்லாம் அங்குள்ள தேர்தல் கமிஷன் எப்படி அனுமதிக்கிறது என்ற கேள்வி இந்திய வாக்காளருக்கு எழுவது இயற்கை. இங்கே 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவு, மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தவறுதான் என்று 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற பெஞ்ச் தீர்ப்பளித்தது - அதுவும் நாலுக்கு மூன்று என்ற கணக்கில். 2022 முதல் பெரிய மாநிலங்களில் லோக்சபா வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். இரண்டு விதிகளும் எந்த அழகில் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பது ஊரறிந்த கதை. ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறது. மீறுபவர் மறைத்துத்தான் மீற வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, பதவிக்கு வர மதத்தை நிபந்தனையாக்கக் கூடாது என்பதோடு அங்கே அரசியல் சட்டம் நின்றுவிடுகிறது. வேட்பாளர் கடவுளின் பெயரால் ஓட்டுக் கேட்பது பேச்சுரிமை. பணத்தை இறைப்பதும் பேச்சுரிமையே என்று 1976-ல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேட்பாளருக்குத் தரும் நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், அவர் செய்யும் செலவுக்கு வைக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். 2024-ல் அதிபர், காங்கிரஸ் தேர்தல்களுக்கு மொத்தம் சுமார் 1,600 கோடி டாலர் செலவாகும் என்று ஓப்பன் சீக்ரெட்ஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு மதிப்பிட்டது.

ஆக, கடவுளும் பேசலாம், டாலரும் பேசலாம். இரண்டும் ஒரே வாயால் பேசுவதற்கு மட்டும் ஒரு தடை இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் பிற்பாடு அதிபரான லிண்டன் ஜான்சன். 1954 ஜூலையில், டெக்சாஸ் செனட்டராக இருந்தபோது, வரிச் சட்டத்தில் அவர் ஒரு திருத்தம் செய்தார். வரிவிலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. சர்ச்சுகள் அவர் மனதில் இருந்ததாகவே தெரியவில்லை. பணக்காரர்களின் ஆதரவு பெற்ற சில வரிவிலக்கு அமைப்புகள் கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டித் தனக்கு எதிராக வேலை செய்ததுதான் அவரது எரிச்சல். விவாதமே இல்லாமல் நிறைவேறியது திருத்தம். சர்ச்சுகளும் வரிவிலக்குப் பெற்றவை என்பதால் வலையில் அவையும் விழுந்தன.

தடை ஏன் முக்கியம் என்பது நம்மூர் 80-ஜி ரசீதை அறிந்தவர்களுக்கு எளிதில் புரியும். அமெரிக்காவில் சர்ச்சுக்குத் தரும் காணிக்கையை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அரசியல் நன்கொடையைக் கழிக்க முடியாது. வேட்பாளருக்கு ஒருவர் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் பெயர் வெளியே வரும்; ஒரு தேர்தலுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் உண்டு. 2024-ல் அது 3,300 டாலர். சர்ச்சுக்குக் கொடுப்பதற்கு வரம்பு இல்லை. கொடுத்தவர் பெயரையும் யாரும் கேட்க மாட்டார்கள். மற்ற தர்ம ஸ்தாபனங்களைப் போல சர்ச்சுகள் வருடாந்திரக் கணக்குக்கூடத் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட உண்டியலிலிருந்து தேர்தலுக்குப் பணம் பாயலாம் என்று ஆகிவிட்டால், பெயரும் இல்லை, வரம்பும் இல்லை, வரியும் இல்லை.

ஒரு காலத்தில் வேட்பாளர்களே மதத்தைத் தள்ளி வைத்தார்கள். 1960 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் கூட்டத்தில் ஜான் கென்னடி நின்றது அதற்குத்தான். கத்தோலிக்கர் அதிபரானால் வாடிகன்தான் ஆளும் என்ற பயம் 1928-ல் ஆல் ஸ்மித்தைக் கவிழ்த்த காரணங்களில் ஒன்று. எந்தப் பாதிரியாரும் தன் சபையாரிடம் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சொல்லாத அமெரிக்காவையே தான் நம்புவதாகக் கென்னடி சொன்னார். தான் கத்தோலிக்க வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சி வேட்பாளர், தற்செயலாகக் கத்தோலிக்கர் என்றார்.

இருபதே ஆண்டில் காட்சி தலைகீழானது. 1980 ஆகஸ்டில் அதே டெக்சாஸில், டல்லாஸ் நகர அரங்கு ஒன்றில் ஆயிரக்கணக்கான சுவிசேஷ சபையினர் முன் ரொனால்டு ரீகன் பேசினார். நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்று அவர் சொன்னதும் அரங்கம் அதிர்ந்தது. 'முடியாது' என்பதற்குப் பின்னால் இருந்தது ஜான்சனின் வரித் திருத்தம். கூட்டத்தினர் அனைவருக்கும் அது தெரியும். கண் சிமிட்டல் புரிந்தது.

இடையில் நடந்தது என்ன? கருக்கலைப்பை அனுமதித்த 1973-ம் ஆண்டுத் தீர்ப்புதான் கிறிஸ்தவர்களை அரசியலுக்கு இழுத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. அந்த இயக்கத்தின் சிற்பிகளில் ஒருவரான பால் வெய்ரிக் வேறு மாதிரி சொன்னார். கறுப்பர்களைச் சேர்க்காத கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிவிலக்கில் அரசு கைவைத்ததே முதல் தீப்பொறி என்பது அவர் வாதம். இன ஒதுக்கல் விதிகளுக்காக பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வரிவிலக்கை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போய் 1983-ல் தோற்றது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதை வரிவிலக்கில்தான் வந்து முட்டுகிறது.

1979-ல் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர் ஜெரி ஃபால்வெல் 'தார்மீகப் பெரும்பான்மை' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆனால் மதத்தையும் வசூலையும் தேர்தலையும் ஒரே இயந்திரமாக்கியவர் இன்னொரு வர்ஜீனியாக்காரர்: பாட் ராபர்ட்சன். 1960-களின் தொடக்கத்தில் அவரது சிறிய டி.வி. நிலையம் திணறிக்கொண்டிருந்தபோது, மாதம் 10 டாலர் தர 700 நேயர்கள் முன்வந்தால் பிழைத்துக்கொள்வோம் என்று திரையிலேயே கையேந்தினார். அப்படித்தான் அவரது பிரபல நிகழ்ச்சிக்கு '700 கிளப்' என்ற பெயர் வந்தது. கால் நூற்றாண்டு கழித்து அதிபர் பதவிக்கு நிற்க நினைத்தபோதும் அதே உத்தி. 30 லட்சம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டுக்கொண்டால் நிற்கிறேன் என்றார். கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்கள் அத்தனை பேரின் பெயரும் முகவரியும் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. நன்கொடைக் கடிதம் அனுப்ப இதைவிட நல்ல பட்டியல் ஏது?

1988 பிப்ரவரியில் அயோவா மாநில உட்கட்சித் தேர்தலில் ராபர்ட்சன் 25 சதவீதம் பெற்று இரண்டாவதாக வந்தார். மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டவர் அப்போதைய துணை அதிபர் ஜார்ஜ் புஷ். கடைசியில் புஷ்தான் அதிபரானார் என்றாலும், கட்சி மேலிடம் பாடம் கற்றது. அயோவாவில் குளிர்கால இரவில் வீட்டை விட்டுக் கிளம்பி வந்து கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் சர்ச் பஸ்ஸில் வந்து இறங்குபவர்களே அதிகமாக இருந்தால் முடிவு அவர்கள் கையில்.

தோற்ற ராபர்ட்சன் 1989-ல் கிறிஸ்தவக் கூட்டணி என்ற அமைப்பை உருவாக்கினார். அதன் ஆயுதம் 'வாக்காளர் வழிகாட்டி' என்ற துண்டுக் காகிதம். கருக்கலைப்பு, பள்ளியில் பிரார்த்தனை போன்ற விஷயங்களில் இந்த வேட்பாளர் என்ன சொல்கிறார், அந்த வேட்பாளர் என்ன சொல்கிறார் என்ற பட்டியல். யாருக்கு ஓட்டுப் போடு என்று ஒரு வரிகூட இருக்காது. தேவையும் இல்லை. தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு ஆராதனையில் கோடிக்கணக்கில் விநியோகமானது. மத்தியத் தேர்தல் கமிஷன் வழக்குப் போட்டது. 1999-ல் நீதிமன்றம் பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட்டது.

சாமர்த்தியம் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் பியர்ஸ் கிரீக் என்ற சர்ச் இருந்தது. 1992 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, பில் கிளின்டனுக்கு ஓட்டுப் போடுவது பாவம் என்று பொருள்படும் முழுப்பக்க விளம்பரத்தை இரண்டு தேசிய நாளிதழ்களில் அது வெளியிட்டது. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த விளம்பரத்துக்கு வரிக்கழிவு உள்ள நன்கொடைகள் மகிழ்ச்சியுடன் ஏற்கப்படும் என்று கீழே அச்சிட்டு, முகவரியும் கொடுத்திருந்தது! 1995-ல் வருமான வரித் துறை சர்ச்சின் வரிவிலக்கை ரத்து செய்தது. 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தத் தண்டனையின் விளைவு பெரும்பாலும் அடையாளபூர்வமானதுதான் என்றும் நீதிமன்றமே சொன்னது. இனி தேர்தலில் தலையிடாவிட்டால் சர்ச் மறுபடியும் சலுகை பெறலாம். பிரசாரத்துக்காக வரிவிலக்கை இழந்த சர்ச் என்று சட்ட நூல்கள் காட்டுவது இந்த ஒன்றைத்தான்.

இதெல்லாம் குடியரசுக் கட்சியின் சமாசாரம், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சுத்தமானவர்கள் என்று யாராவது நினைத்தால், கலிபோர்னியாவின் ஹசியெண்டா ஹைட்ஸில் உள்ள சி லாய் புத்தர் கோயில் கதையைக் கேட்க வேண்டும். 1996 ஏப்ரல் 29 அன்று துணை அதிபர் அல் கோர் அங்கே விருந்துக்கு வந்தார். சொத்து வேண்டாம் என்று விரதம் பூண்ட பிக்குகளும் பிக்குணிகளும் கட்சிக்கு ஆயிரக்கணக்கான டாலருக்குக் காசோலை எழுதினார்கள். அவர்களுக்கு அந்தப் பணத்தைக் கோயிலே திருப்பித் தந்தது. மறு ஆண்டு செனட் விசாரணையில் பிக்குணிகள் வந்து சாட்சி சொன்னார்கள். ஆவணங்களை அழித்ததையும் ஒப்புக்கொண்டார்கள். ஏற்பாடு செய்த மரியா சியா 2000 மார்ச்சில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அந்த நவம்பரில் கோர் அதிபர் தேர்தலில் நின்று, ஃபுளோரிடாவில் 537 ஓட்டில் தோற்றார்.

கறுப்பர் சர்ச்சுகளின் விஷயம் வேறு. தேர்தல் நெருங்கும் ஞாயிறுகளில் ஜனநாயக வேட்பாளர்கள் அவற்றின் பிரசங்க மேடையில் நிற்பதும், ஆராதனை முடிந்து சபையார் பஸ் ஏறி முன்கூட்டிய வாக்குப்பதிவுக்குப் போவதும் வாடிக்கை. ஆனால் ஓட்டுரிமையே மறுக்கப்பட்ட ஒரு இனத்துக்கு, கூடிப் பேச வெள்ளையர் கண்காணிப்பு இல்லாத ஒரே இடமாக சர்ச் இருந்த வரலாறு அதன் பின்னால் உண்டு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. அதற்காக அங்கே பணம் இல்லை என்றும் ஆகாது. மார்ட்டின் லூதர் கிங்கின் எபினேசர் சர்ச்சில் போதகராக இருந்த ரஃபேல் வார்னாக் 2021 ஜனவரியில் ஜார்ஜியாவிலிருந்து செனட்டுக்குப் போனார். அந்த மாநிலத்தின் இரண்டு இடங்களுக்கும் சேர்த்து ஆன செலவு 80 கோடி டாலருக்கு மேல்.

இவ்வளவு டாலர் எங்கிருந்து வருகிறது? 2010 ஜனவரியில் 'சிட்டிசன்ஸ் யுனைட்டட்' வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அணையைத் திறந்துவிட்டது. வேட்பாளருடன் கலந்து பேசாமல் செலவழித்தால் கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் வரம்பே இல்லை. 'சூப்பர் பேக்' என்ற நிதி அமைப்புகள் முளைத்தன. இரண்டே ஆண்டில் பலன் தெரிந்தது. 2012-ல் அயோவாவின் 99 மாவட்டங்களிலும் சர்ச்சு சர்ச்சாக ஏறி இறங்கிய ரிக் சான்டோரம், கையில் காசில்லாமலேயே, கோடீஸ்வரர் மிட் ராம்னியை 34 ஓட்டில் முந்தினார். பழைய காலமாக இருந்தால் அடுத்த மாநிலத்தில் விளம்பரத்துக்குப் பணமின்றி ஒதுங்கியிருப்பார். வயோமிங் முதலீட்டாளரும் தீவிரக் கிறிஸ்தவருமான ஃபாஸ்டர் ஃபிரீஸ் கைகொடுத்தார். இன்னொரு வேட்பாளரான நியூட் கிங்ரிச்சைக் கரை சேர்க்கப் பார்த்தவர் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி அதிபர் ஷெல்டன் ஏடல்சன். சூதாட்டம் பாவம் என்று போதிக்கும் சர்ச்சுகள் நிறைந்த கட்சியில் அந்தப் பணத்தை யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. 2024-ல் ஈலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் கொடுத்தபோது இதெல்லாம் சில்லறையாகிவிட்டது.

சொந்தப் பணம் மட்டும் இருந்து 'சரியான' சர்ச் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை விவேக் ராமசாமி 2024-ல் காட்டினார். மருந்துக் கம்பெனியில் சம்பாதித்த கோடிக்கணக்கான டாலரைக் கொட்டி அயோவாவைச் சுற்றினார். போன இடமெல்லாம் ஒரே கேள்வி: நீங்கள் இந்து, எங்களுக்கு எப்படி அதிபராக முடியும்? அரசியலுக்காக மதம் மாறியதாக நடிக்க மாட்டேன் என்றார். இந்து தர்மத்துக்கும் பத்துக் கட்டளைகளுக்கும் உள்ள ஒற்றுமைகளை விளக்கினார். கிடைத்தது 8 சதவீதத்துக்கும் குறைவு. அவருக்கு முன்பு அதிபர் கனவு கண்ட பாபி ஜிண்டால் கத்தோலிக்கராகவும், நிக்கி ஹேலி மெதடிஸ்டாகவும் மாறியவர்கள். மாறியது நிஜம்தானா என்ற சந்தேகம் ஹேலியையும் துரத்தியது. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம் கோயிலின் நன்கொடையாளர் கல்வெட்டில் 5,000 ரூபாய் என்று பெயர் பொறிக்கப்பட்டிருக்கும் கமலா ஹாரிஸ், பாப்டிஸ்ட் சர்ச் உறுப்பினர். 2024 ஜூலையில் பைடன் விலகிய ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தவர்களில் ஒருவர் சான்பிரான்சிஸ்கோவில் இருக்கும் அவரது சபைப் போதகர்.

இனி அந்தப் பழைய வரி விதிக்கு வருவோம். 2008-ல் 33 போதகர்கள் வேண்டுமென்றே மேடையில் வேட்பாளர்களைப் பற்றிப் பேசிவிட்டு, பேச்சின் பதிவை வருமான வரித் துறைக்குத் தாங்களே அனுப்பினார்கள். வழக்குப் போடு, கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்ற சவால். அடுத்தடுத்த ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தார்கள். துறை வாய் திறக்கவில்லை. 2017-ல் டிரம்ப், போதகர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்ற தோரணையில் ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார்.

2025 ஜூலை 7 அன்று துறையே ஆயுதத்தைக் கீழே வைத்தது. டெக்சாஸின் இரண்டு சர்ச்சுகளும் மத ஒலிபரப்பாளர்கள் சங்கமும் தொடுத்த வழக்கில் தாக்கலான கூட்டு மனுவில், ஆராதனையை ஒட்டி, வழக்கமான தகவல் வழிகள் மூலம், ஒரு சர்ச் தன் சபையாரிடம் தேர்தலைப் பற்றிப் பேசினால் அது தலையீடு ஆகாது என்று ஒப்புக்கொண்டது. குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சைப் போன்றது என்றும் உவமை சொன்னது. காணிக்கைப் பணத்தை வேட்பாளருக்குக் கொடுக்கலாம் என்று மனு சொல்லவில்லை. ஆனால் மேடை, மைக், ஒளிபரப்பு எல்லாமே காணிக்கையில் வாங்கியவைதானே?

கென்னடி கூட்டம் நடந்த ஹூஸ்டனில், முன்பு கூடைப்பந்து ஆட்டங்கள் நடந்த விளையாட்டரங்கை வாங்கி சர்ச்சாக்கியிருக்கிறது லேக்வுட் சபை. 16,000 இருக்கைகள். ஞாயிறுதோறும் ஆராதனை டி.வி.யில் போகிறது. அதன் போதகர் ஜோயல் ஆஸ்டீன் கட்சி அரசியல் பேசாதவர் என்று பெயரெடுத்தவர். மற்ற அரங்குகளில் மைக் பிடிப்பவர்கள் எல்லாரும் அப்படி இல்லை. 'வழக்கமான தகவல் வழிகள்' என்ற சொற்களில் டி.வி. காமிரா அடங்குமா, அந்தக் குடும்பத்தில் எத்தனை லட்சம் பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அந்த மனுவில் விளக்கம் இல்லை.